கழுத்துவரை முதலமைச்சர்கள்

என் வீட்டுக்காரர் ஒரு வீட்டுப் படியேறினால் அந்த வீட்டில் பதவி இறங்கிவிடும் என்று ஊரே நம்பியது. ஊர் என்றால் வேலைவெட்டி இல்லாத நாலு பேர் இல்லை. மந்திரிகள், எதிர்க்கட்சி, பத்திரிகைக்காரர்கள், தலைமைச் செயலகத்து லிஃப்ட் ஆபரேட்டர் வரைக்கும் நம்பினார்கள். அவர் மந்திரவாதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படம் வரைகிறவர். சட்டசபையின் நீளத் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்குகிற முதலமைச்சர்கள் எல்லாரும் அவர் கைவேலை.

அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரு விதி உண்டு. பதவியில் இருக்கிறவர் படத்தை அங்கே மாட்டக்கூடாது. இறங்கிய பிறகுதான் மாட்ட வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ தெரியாது, அதனால் அவதிப்பட்டது நாங்கள். முகத்தை முன்கூட்டியே குறித்துவைக்க இவர் பையும் பென்சிலுமாக வாசலில் போய் நின்றால், வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்த ஓனரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். காபி கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்த மாநிலத்தின் சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லித் தருகிறார்களோ, எனக்குத் தெரிந்தது இதுதான். முதலாமவர் சாகும்வரை ஆண்டார். அவர் மூக்கில் ஒரு மரு. அதை எடுத்துவிடச் சொன்னது அவர் மனைவி, அதுதான் தலைவரின் அடையாளம் என்று கொடிபிடித்தது கட்சி. கடைசியில் பாதி மரு வரைந்தார் என் வீட்டுக்காரர், இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. அதற்கடுத்தவர் வந்தார், போனார், மறுபடி வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் புதுப்படம் கேட்டார். முதல் படத்தில் வழுக்கை, இரண்டாவதில் லேசாக முடி, மூன்றாவதில் கருகருவென்று சுருட்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தாத்தா, அப்பா, பேரன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு டீச்சரம்மா ஆண்டார். படம் பாதியில் இருக்கும்போதே வந்து பார்த்து, காது இரண்டும் ஒரே அளவில் இல்லை என்று பத்துக்கு ஆறு மார்க் போட்டார். இன்னொருவர் கதை பரிதாபம். அவர் அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்ட வந்த ஆள், மாட்டிவிட்டு ஒரு டீ குடிக்க உட்கார்ந்தார். டீ முடிந்ததும் அவரே கழற்றிக்கொண்டு போகும்படி ஆயிற்று.

அப்படி அடிக்கடி ஆட்சி கவிழ ஆரம்பித்ததும், இறங்கியவர் படம் உடனே வேண்டும் என்று சட்டசபை அலுவலகம் இவர் உயிரை எடுத்தது. பொறுமைசாலி, அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாத் தலைவர்களுக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே நாற்காலி, தடிப்புத்தகத்தின் மேல் வைத்த அதே வலது கை. ஆகவே உடம்பை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்வது. ஆள் இறங்கியதும் தலையை மட்டும் சேர்ப்பது. எங்கள் கூடத்தில் எந்நேரமும் நாலைந்து முதலமைச்சர்கள் கழுத்துவரை முடிந்து சுவரில் சாய்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நாங்கள் சாப்பிடப் போக வேண்டும். ஒருமுறை, அடுத்து எதிர்க்கட்சித் தலைவர்தான் என்று நம்பி நல்ல கனமான உடம்பாக ஒன்று வரைந்து வைத்தார். வந்து போனவரோ ஈர்க்குச்சி. நேரமில்லாமல் அந்தத் தொந்தியின் மேலேயே அவர் தலையை வைத்து மாட்டினார்கள். தொகுதிக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இருந்த கொஞ்ச நாளில் இவ்வளவு சாப்பிட்டிருக்கிறாரே என்று அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள்.

போதாததற்குப் படங்களுக்கு மரச்சட்டம் போடும் கடைக்காரருக்கு வாய் நிற்காது. இவர் ஒரு சட்டத்துக்கு அளவு சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எம்.எல்.ஏ.க்கள் அணி மாறத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் மாறுவதால் ஆட்சி கவிழும். ஆட்சி கவிழ்ந்ததால் இவர் ராசி மேலும் உறுதியாகும். கேட்டால் இவர் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில் என் அண்ணன் முதலமைச்சர் ஆனார்.

அண்ணன் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர். எம்.எல்.ஏ.வாக இருந்த காலமெல்லாம் சபையில் தண்ணீர் கேட்பதற்கு மட்டும்தான் வாய் திறந்திருப்பார். கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. இவன் வந்தால் அவன் விடமாட்டான், அவன் வந்தால் இவன் விடமாட்டான். இரண்டு பேருக்கும் இடைஞ்சல் செய்யாத ஆள் யார் என்று தேடினால், கடைசி வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அண்ணனின் செயலாளரிடமிருந்து போன் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம், ஐயா பதவியில் இருக்கிறவரை ஓவியர் அந்தத் தெருப் பக்கமே வரவேண்டாமாம்.

இவர் சரி என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான். அவளுக்கு மாமன் என்றால் உயிர். இவர் வர்ணத்தைக் குழைத்துக்கொண்டு நேரம்போவது தெரியாமல் உட்கார்ந்திருக்க, அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கிடந்தது எல்லாம் அண்ணன்தான். அவள் முதலில் பேசிய வார்த்தையே மாமா. அதில் இவருக்கு இன்றைக்கும் ஒரு சின்ன வருத்தம் உண்டு. மாமா வராமல் மேடை ஏறமாட்டேன் என்று மகள் கண்கலங்கிச் சொன்னாள். அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டா மேடை ஏறுவாள்? இரண்டு பேரும் வேண்டும் அவளுக்கு.

நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அரசாங்க பங்களா வாசலில் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்காக வாங்கிய தலைச்சாயப் பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன பிரஷ் இருந்தது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். அண்ணன் என்னைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். பாதியாக இளைத்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"மாப்பிள்ளை மேல எனக்கு என்னம்மா கோவம்? ஒரு போட்டோல ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா போதும், அன்னைக்கே ரெண்டு கோஷ்டியும் யார் பக்கம் எத்தனை பேர்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். நான் வர்றேன். நான் இருக்கிற நேரம் மட்டும் அவர் கொஞ்சம் கண்ணுல படாம இருந்தா..."

எனக்கு வந்ததே கோபம்.

"பொண்ணு கல்யாணத்துல பெத்த அப்பன் ஒளிஞ்சுக்கணுமா? நல்லா இருக்குண்ணா உன் நாற்காலி."

நான் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது, வரவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். இவர் பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"அரை மணி நேரம்தானே. நான் சமையல்கட்டுல உக்காந்துக்கறேன். பொண்ணு ஆசைப்படுறா."

அன்றைக்கு அழுத மாதிரி நான் என் கல்யாணத்தில்கூட அழுததில்லை.

கல்யாண நாளன்று மண்டப வாசலில் அண்ணனின் கார்கள் வந்து நின்றன. பின்னாலேயே இரண்டு கோஷ்டியும் வந்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்க வந்தவர்கள், வந்ததற்கு மேசை மேசையாகச் சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் முன்கூட்டியே எழுந்து, புதுச் சட்டை கசங்காமல் பார்த்துக்கொண்டு, சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நானே கதவைச் சாத்தினேன். அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் மேடை ஏறினார். மகள் முகம் மலர்ந்து போயிற்று. கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கம் அவனுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் நின்றார்கள். எங்கள் பக்கம் நான் மட்டும். போட்டோக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அப்போது மகள் அண்ணன் காதோரம் மெதுவாகச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் மாமா. கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினீங்கன்னா அப்பா வந்துடுவார்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவள். நிஜமாகவே கெஞ்சினாள். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் மேடையை விட்டு இறங்கினார். கிளம்புகிறார் என்று நினைத்துச் செயலாளர் வாசல் பக்கம் ஓடிப்போய்க் காரைக் கூப்பிட்டார். அண்ணன் வாசல் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு கோஷ்டியும் இலையில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, சமையல்கட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே கவிழ்த்து வைத்த ஒரு அண்டாமேல் இவர் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் பதறிப்போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம், சமையல்காரர் பிற்பாடு சொன்னார். அண்ணன் கையைப் பிடித்து எழுப்பினார். சபையில் வாய் திறக்காத அந்த மனுஷன், வந்த வழியே அத்தனை மேசைகளுக்கும் நடுவில் இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். செயலாளர் குறுக்கே வந்து நின்று, ஐயா ஐயா என்று ஏதோ முணுமுணுத்தார். அண்ணன் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

மேடையில் மகளுக்குப் பக்கத்தில் இவரை நிறுத்தி, தோளில் கைபோட்டு, தானும் நின்றார். பத்திரிகைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். போட்டோக்காரர் படம் எடுக்கும் முன்பே கீழே ஒவ்வொரு மேசையிலும் போன் அடித்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல், இரண்டு கோஷ்டியும் வாசலுக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. மண்டபம் பாதி காலி. மகள் ஒரு பக்கம் அப்பா கையையும் மறு பக்கம் மாமன் கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன் ஓடுகிறவர்களைப் பார்த்தபடியே இவரிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை, படத்துக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து உக்காரட்டும்?"

இவர் எப்போதும்போல யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"காலைல வெளிச்சம் நல்லா இருக்கும் மச்சான். சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க. இனிமே உங்களுக்கு என்ன அவசரம்?"