இறங்காதவர் சங்கம்

1934-ஆம் வருஷம் சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்குப் போன இடத்தில், பள்ளத்தாக்கு மோட்டார் சைக்கிள் சங்கத்தார் ஏழு பேருக்கும் வண்டியை விட்டு இறங்க முடியாமல் போயிற்று. அன்றைக்கு வெயில் கடுமை; ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்; திருவிழாக் கடைகளில் பொரி மலிவு. கோயிலுக்குச் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியதும் தலைவர் தங்கபாண்டிதான் முதலில் காலைத் தூக்கினார். கால் வந்தது, இடுப்பு வரவில்லை. அவரும் சீட்டும் ஒன்றாகியிருந்தார்கள். அடுத்தவர் முயன்றார், அவருக்கு அடுத்தவர் முயன்றார், யாராலும் ஆகவில்லை. திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தங்கபாண்டியின் தொடையைக் கிள்ளாமல் சீட்டின் தோலைக் கிள்ளினார். தங்கபாண்டி "ஸ்ஸ்" என்று உதட்டைக் கடித்தார். டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சாமி கும்பிடப் போய்விட்டார்.

எட்டாவதாக வந்து நின்றவன் மட்டும் சுலபமாக இறங்கினான். அவன் பெயர் அம்மாவாசி. இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் இறங்காததைக் கவனித்தான். திரும்ப ஏறி உட்கார்ந்து, கொஞ்சநேரம் பொறுத்து, மறுபடி இறங்கிப் பார்த்தான். இரண்டு கால்களும் தடையில்லாமல் மண்ணில் வந்து நின்றன. அவற்றை அவன் பார்த்த பார்வை, சந்தையில் பிடிபட்ட திருடன் கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பதுபோல இருந்ததாகப் பொரி விற்றவள் சொல்லுவாள்.

அம்மாவாசி கம்பத்துக்காரன். அவன் அப்பா சீனிச்சாமிக்கு வாய்க்காலை ஒட்டி இரண்டு போகம் விளையும் வயல் இருந்தது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறும் அவசரத்தில் தன் மோட்டார் சைக்கிளை விற்க ஆள் தேடியபோது, அம்மாவாசி பட்டினி கிடந்து அப்பாவை மிரட்டி, வயலில் பாதியை விற்கவைத்து அதை வாங்கினான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி மாயக்காள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது என்னத்தத் திங்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டி வாங்கினால் சங்கத்தில் சேர்ந்துவிடலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். சங்கம் அப்படிப்பட்டதல்ல. தேனி ரயிலில் மரப்பெட்டிக்குள் வந்து இறங்கிய புது வண்டியைத் தன் கையால் ஆணி பிடுங்கித் திறந்தவர்தான் அங்கே மனிதர். அதிலும் சீமையிலிருந்து நேரே தருவித்தவர், மதராசில் வாங்கியவரோடு ஒரே மேசையில் காப்பி குடிக்கமாட்டார். கையால் கியர் போடுகிறவர்கள் காலால் போடுகிறவர்களைப் பற்றித் தனியாகப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். தங்கபாண்டி போடியில் ஏலக்காய் வியாபாரி. காரியதரிசி ஞானசிகாமணிக்குத் தேனியில் ஜவுளிக்கடை. மற்ற ஐவரும் மாந்தோப்புக்காரர்கள், பண்ணை வீட்டுப் பிள்ளைகள். ரோட்டில் எதிர்ப்பட்டால் ஆரன் அடித்து வணக்கம் சொல்லிக்கொள்வது அவர்கள் வழக்கம். அம்மாவாசி அடித்தால் பதில் ஆரன் வராது. அவனைச் சேர்க்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோருக்கும் கடைசியில் வர அனுமதித்தார்கள். ஏழு வண்டிப் புழுதியும் அவனுக்கு. அவர்கள் காப்பி கிளப்புக்குள் போகும்போது வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனை வெளியே நிறுத்துவார்கள். அதைத் தன்மேல் வைத்த நம்பிக்கை என்று அவன் வீட்டில் வந்து சொல்லுவான். அன்று மாலை மாயக்காள் அவன் தலையை அலசிவிட்டால் முற்றத்தில் ஒரு பாத்தி கட்டுகிற அளவுக்கு மண் இறங்கும். அந்த மண்ணில் அவள் கொத்தமல்லி போட்டாள். நன்றாக வந்தது.

வீரபாண்டியில் ஒட்டிக்கொண்ட ஏழு பேரும் முதல் மாதம் பயந்தார்கள், இரண்டாம் மாதம் பழகினார்கள், ஆடி பிறப்பதற்குள் அது அவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. இறங்குவது என்பதே கீழே வேலை இருக்கிறவன் செய்கிற காரியம் என்று தங்கபாண்டி சொன்னார். ஊர்களும் தங்களைச் சரிசெய்துகொண்டன. தங்கபாண்டியின் வீட்டில் நிலைக்கதவைப் பெயர்த்து அகலப்படுத்தினார்கள். ஞானசிகாமணிக்காகத் தேனி வேதக்கோயிலில் ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு வண்டி நிற்க இடம் விட்டார்கள். பாட்டுப் பாடும்போது மட்டும் அவர் எஞ்சினை அணைத்துக்கொள்வார். நாவிதர் முக்காலி கொண்டுவந்து அதன்மேல் நின்று சவரம் செய்தார். பண்ணைப் பிள்ளைகளில் ஒருவருக்கு வண்டியிலேயே கல்யாணம் நடந்தது. மணப்பெண் பின்சீட்டில் உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டாள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பது மரியாதையல்ல என்பதால் யாரும் கேட்கவில்லை. அந்தத் தேவையே அவர்களுக்கு நின்றுவிட்டது என்று ஒரு சமையல்காரர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஜனங்கள் வைத்த பெயர் இறங்காதவர் சங்கம்.

அம்மாவாசிக்குச் சோறு இறங்கவில்லை. அவனும் இறங்கக்கூடாது என்று முடிவெடுத்தான். வண்டியிலேயே தின்றான், வண்டியிலேயே தூங்கினான், சீட்டில் பலாப்பாலைத் தடவிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஆனால் விடிந்தால் வயிறு அவனை வாய்க்கால் பக்கம் இழுத்தது. கால்களும் கூசாமல் கூடவே போயின. ஒட்டவில்லை என்பதைவிட, தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் அவனுக்கு ஆறாத வேதனை. ஒருநாள் மாயக்காள் அருகில் வந்து நின்றாள்.

"இங்கெ பாருங்க, அவுகளுக்கு வந்தது நோவு. நோவுக்குமா நோன்பு இருப்பாக?"

"ஒனக்குத் தெரியாது புள்ள. அவுக வேற."

"என்ன வேற? விழுந்தா அவுகளுக்கும் முட்டிதேன் பேந்துபோகும்."

அவள் இப்படிப் பேசுவது அவர்கள் காதுக்குப் போய்விடுமோ என்றுதான் அவனுக்குக் கவலை.

இப்படியே நாலைந்து வருஷம் போனது. 1939-ஆம் வருஷம் தை மாதம் சீனிச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்துமேட்டில் சாய்ந்தார். பாதி வயல் போன நாளிலிருந்து மகனிடம் அவர் பேசியதில்லை, சாகும்போதும் பேசவில்லை. மறுநாள் மதியம் ஆற்றோரச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மொட்டையடித்து ஈரவேட்டி கட்டியிருந்த அம்மாவாசி பாடையின் பின்னால் வண்டியில்தான் வந்தான். வந்து இறங்கி, கொள்ளிக்குடத்தைத் தோளில் வாங்கப்போன சமயத்தில் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஏழு வண்டிகள். சுடுகாட்டு ஓரத்தில் வந்து வரிசையாக நின்றன.

தன் அப்பா சாவுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்த மாத்திரத்தில் அம்மாவாசிக்கு அழுகை பொங்கியது. அதுவரை வராத அழுகை. வெறுங்காலோடு மண்ணில், பறையடிக்கிறவர்களுக்கும் வெட்டியானுக்கும் நடுவில் தான் நிற்பதை அவர்கள் பார்க்கிறார்கள் என்பது அடுத்த நொடி உறைத்தது. அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறி, கிக்கரை உதைத்தான். ஒரு கையால் குடத்தைத் தோளில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வண்டியைச் செலுத்தி, சிதையைச் சுற்ற ஆரம்பித்தான். சித்தப்பா மொக்கைச்சாமி குறுக்கே வந்து ஹேண்டிலைப் பிடித்தார்.

"ஏலே அம்மாவாசி, பெத்த அப்பனுக்கு மண்ணுல கால ஊண்டி நின்னு கொள்ளி வையிலே. ஒன்னையக் கெஞ்சுறேன்."

"விடுங்க சித்தப்பா. அவுக பாக்காக."

அவர் கையை எடுத்துக்கொண்டார். குடத்தின் ஓட்டையிலிருந்து ஒழுகிய தண்ணீர் எஞ்சின்மேல் விழுந்து ஆவியாகப் பறந்தது. மூன்று சுற்று முடிந்து, முதுகுப்பக்கமாகக் குடத்தைப் போட்டு உடைத்து, வண்டியில் இருந்தபடியே கொள்ளி வைத்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆற்றில் முழுகுவதற்காக வண்டியைத் தண்ணீரோரம் கொண்டுபோய் நிறுத்திக் காலைத் தூக்கினான். கால் வந்தது, இடுப்பு வரவில்லை.

மறுபடி முயன்றான். சீட்டின் விளிம்பில் நகத்தால் கீறிப் பார்த்தான், வலித்தது. அப்பாவின் சிதை எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு மகனுக்கு வரக்கூடாத சந்தோஷம் அவனுக்கு வந்தது. அதை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் அடங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, ஈரவேட்டி சொட்டச்சொட்ட அவர்கள்முன் போய் நின்றான்.

"யாருப்பா செத்தது?" என்று தங்கபாண்டி கேட்டார். கூடலூருக்குப் போகிற வழியில் சாவுக்கு வந்த கூட்டம் ரோட்டுவரை அடைத்து நின்றதால்தான் அவர்கள் நின்றிருந்தார்கள்.

அம்மாவாசி அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணாச்சி, எனக்கும் ஒட்டிக்கிருச்சு. இப்பத்தேன். இழுத்துப் பாருங்க, வராது" என்றான்.

ஞானசிகாமணி கையுறையைக் கழற்றி, குனிந்து, அவன் இடுப்பும் சீட்டும் சேருமிடத்தைத் துணி பார்க்கிறமாதிரி இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். உண்மைதான் என்று தலையாட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஒட்டியிருக்கு தம்பி. இல்லேங்கல. ஆனா நாங்க ஒட்டுனது புது வண்டியில. இதுல ஒனக்கு முந்தி ஒரு துரை ஒக்காந்து, இறங்கி, ஊருக்கே போயிட்டாரு. ஒருத்தன் இறங்குன வண்டியில ஒட்டுறதெல்லாம் ஒட்டுன கணக்குல வருமா?"

ஏழு பேரும் கிளம்பிப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அம்மாவாசி தாங்கியிருப்பான்.

வீட்டு வாசல் வண்டிக்குப் போதவில்லை. சுவரை இடிக்கப் பணமும் இல்லை, இடிக்கலாம் என்று சொல்ல அவனுக்கு வாயும் இல்லை. மாயக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, தொழுவுல நில்லுங்க. சோத்த அங்கன கொண்டாறேன்" என்றாள். நல்லெண்ணெய் ஊற்றினாள், விளக்கெண்ணெய் ஊற்றினாள், உப்பைச் சூடுபண்ணி ஒற்றடம் கொடுத்தாள். கடைசியில் கொல்லரைக் கூட்டிவந்து சீட்டை அறுக்கச் சொன்னபோது தோலிலிருந்து ரத்தம் வந்ததால் அதோடு விட்டுவிட்டாள். மாடுகள் இரண்டு நாள் மிரண்டன. பிறகு அவனோடு ஒண்டிப் படுத்துக்கொண்டன.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பனும் மெல்லக் குறைந்தது. சங்கத்தாரின் வண்டிகளைக் கூலியாட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். அதிலும் நாலு ஆள் தள்ளுகிறவர், இரண்டு ஆள் தள்ளுகிறவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவாசியின் எஞ்சின் தொழுவத்து ஈரத்தில் இறுகி, தட்டினால் கல்லைத் தட்டுகிற சத்தம் கொடுத்தது. மிச்சமிருந்த பாதி வயலில் மாயக்காள் நெல்லை விட்டு வாழை போட்டாள். உழுதது, கட்டை நட்டது, தண்ணீர் கட்டியது எல்லாம் அவளே.

யுத்தம் முடிந்த மறுவருஷம் தங்கபாண்டிக்குக் கருநீலத்தில் ஒரு கார் வந்தது. கார் வாசலில் வந்து நின்றதும், மாட்டுவண்டியிலிருந்து இறங்குகிறவர்போலக் காலைத் தூக்கிப்போட்டு அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. மாதம் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். காருக்கு முன்பணம் கட்டிய அன்றே சிலருக்கு இடுப்பு இளகிவிட்டதாகப் பேச்சு. வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சேதி கேட்ட அன்று அம்மாவாசி தொழுவத்தில் பகலெல்லாம் எழ முயன்றான். கார் வாங்கும் வழியில்லாதவனுக்கு எதுவும் இளகவில்லை.

அவன் வெளிச்சம் பார்த்து வெகுநாளாயிற்று என்று மாயக்காள்தான் ஒருநாள் செவலைக்காளையை வண்டியின் முன்னால் பூட்டி அவனை வயலுக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது சும்மா வருவானேன் என்று ஹேண்டிலில் இரண்டு வாழைத்தாரைக் கட்டினாள். அடுத்த முறை பின்சீட்டில் நாலு. பிறகு அதுவே வழக்கமாகி, கம்பம் சந்தைக்கு அவள் தார் கொண்டுபோவது அதில்தான். சரிவில் பிரேக் பிடிக்க ஆள் இருப்பதால் கட்டைவண்டியைவிட அது வசதி என்று பக்கத்து வயல்காரர்களும் வாடகைக்குக் கேட்டார்கள்.

1947 ஐப்பசியில் உத்தமபாளையம் ரோட்டில் தார் ஏற்றிக்கொண்டு வரும்போது பின்னால் கருநீலக் கார் ஆரன் அடித்தது. தன் வாழ்நாளில் அவர்கள் தன்னைப் பார்த்து அடித்த முதல் ஆரன் என்று அம்மாவாசிக்குத் தோன்றியது. கையை உயர்த்தினான். கார் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே தங்கபாண்டியும் ஞானசிகாமணியும் இருந்தார்கள். தங்கபாண்டி மாயக்காளைப் பார்த்து, "ஏ ஆத்தா, வண்டிய ஓரமாப் பிடி" என்றார்.

"அண்ணாச்சி, நான்தேன் அம்மாவாசி" என்றான்.

தங்கபாண்டியின் கண் தார்களையும் காளையையும் தாண்டி மோட்டார் சைக்கிளின்மேல் வந்து நின்றது. ஞானசிகாமணி பக்கம் திரும்பி, "இந்தச் சனியன்ல போயி எப்பிடித்தேன் குந்தியிருந்தமோ, இடுப்பே போயிருக்கும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். கார் போய்விட்டது.

"யாரு அவுக?" என்று மாயக்காள் கேட்டாள்.

"தெரியல" என்றான் அம்மாவாசி.

அவள் காளையின் முதுகில் தட்டினாள். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்போல இருந்ததால், சாக்குப் படுதாவை எடுத்து விரித்து, தார்களோடு சேர்த்து அவனையும் மூடி, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினாள். சந்தையில் தரகர்கள் ஒவ்வொரு தாராகத் தட்டிப் பார்த்து இறக்கிக்கொண்டார்கள். அவனை இறக்கத் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் வாழைக்கு நல்ல விலை.