முட்டிக்கு ஒரு படம்

பிரசாந்த் கேள்வி கேட்டது ஞானசெல்வியிடம். பதில் சொன்னது அவளுடைய மாமியார்.

"மாசமா எதுவும் இருக்கீங்களாக்கா? நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று எக்ஸ்ரே எடுக்கும் அந்த இளைஞன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நீங்க படத்த எடுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஞானசெல்வி மேசை மேல் காலை நீட்டினாள். ஆனால் அவளுக்கு நாள் தள்ளிப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் இரண்டு கோடு விழுந்தது அவளைத் தவிர ஒரு சீவனுக்கும் தெரியாது. ஈஸ்டருக்கு வந்துவிட்டுக் குவைத்துக்குத் திரும்பிப் போன புருஷன் லியோவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆரோக்கியம்மாள் கெட்டவள் இல்லை. திட்டுவாள், திட்டிய வாய் மூடுமுன் தட்டில் சோற்றைப் போட்டும்விடுவாள். அவளிடம் இருந்த ஒரே கோளாறு, ஓட்டைப் பானையில் தண்ணீர் தங்கினாலும் அவள் வாயில் சேதி தங்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று காலையில் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஆவூரில் தெரியாத வீடு இல்லை. அடுத்த மாதம் அது கலைந்தது. அப்புறம் எந்தெந்த வீட்டில் வாயாரச் சொன்னாளோ, அந்தந்த வீட்டு ஆட்களெல்லாம் வந்து ஞானசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக்கொட்டினார்கள். பிள்ளை போனதைவிட அந்த உச்சுக்கொட்டல்தான் அவளை அறுத்தது. அன்றிலிருந்து அவளுக்கு மாமியாரின் கோபத்தைக் கண்டு பயமில்லை. சந்தோஷத்தைக் கண்டால்தான் பயம். இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

"கொலுசக் கழட்டிருங்க. சேலைய முட்டிக்கு மேல ஏத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு பிரசாந்த் எந்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆரோக்கியம்மாள்தான் குனிந்து கொலுசைக் கழற்றினாள். சேலையை ஏற்றியவள் கை அப்படியே நின்றது. வலது முட்டி வீங்கிக் கறுத்திருந்தது. இடது முட்டியும் தோல் உரிந்து கிடந்தது.

"வரப்புல வழுக்கி விழுந்தேன்னல்ல சொன்ன? ரெண்டு முட்டியும் ஒண்ணு போல தேஞ்சிருக்கு?"

"வலிக்குது அத்தை. அப்பறம் பேசுவோம்."

வரப்பிலாவது, வழுக்குவதாவது. முந்தாநாள் விடிவதற்குள், ஆள் நடமாட்டம் வருமுன், மாதா கோயில் கொடிமரத்தடியில் முழந்தாளிட்டு, முட்டியாலேயே பீடம்வரை போகிறேன் என்று கிளம்பியவள் அவள். இதையாவது என் கையில் கொடு தாயே என்பதுதான் வேண்டுதல். சரளைக்கல்லைத் தாங்கிய முட்டி, கோயில் வாசல்படிக் கல்லில் ஏறும்போது மடாரென்று இடித்தது. அதற்கு மேல் நகர முடியவில்லை. வேண்டுதல் பாதியிலேயே நின்றது.

"நீங்க வெளிய இருங்கம்மா, உள்ள யாரும் நிக்கக் கூடாது" என்று பிரசாந்த் ஆரோக்கியம்மாளை அனுப்பிக் கதவைச் சாத்தினான். முட்டிக்கு அடியில் படம் பதியும் தட்டு ஒன்றை வைத்தான். "நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ரெண்டே படம்தான். நான் சொல்றப்ப அசையாதீங்க. அசைஞ்சா கலங்கிரும். மறுபடி எடுக்கிற மாதிரி ஆயிரும்."

மறுபடியா? ஞானசெல்வி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வீங்கிய முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அசையாமல் எப்படிக் கிடப்பது? முட்டியின் மேல் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. நடுவில் நிழலாக ஒரு சிலுவைக் குறி. பிரசாந்த் தடுப்புக்குப் பின்னால் போனான்.

சொன்னால் ஊருக்குத் தெரியும். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? அதைத் தான் ஒருத்தி மட்டுமே சாகும்வரை சுமக்க வேண்டும்.

"அசையாதீங்க" என்று குரல் வந்தது.

"தம்பி, வேணாம். நிறுத்துங்க." எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நாள் தள்ளித்தான் போயிருக்கு."

அவன் பதறி வெளியே வந்தான். டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று கதவைத் திறந்தான். கதவோடு ஒட்டி நின்றிருந்த ஆரோக்கியம்மாள் உள்ளேயே விழப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

ஞானசெல்வி சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி என்ன, சிரிப்பு, கும்பிடு, போன், ஊர். எல்லாம் வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஆரோக்கியம்மாள் கொலுசைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா வந்ததும் அவரிடம்தான் பாய்ந்தாள். "படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நொண்டுனா நொண்டிட்டுப் போறா. நாங்க கெளம்புறோம்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கதிர் படுவது முட்டியில். வயிறு தள்ளி இருக்கிறது. மேலே ஈயக் கவசமும் போடுவோம். பிள்ளைக்கு எட்டுவது அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் முட்டிச் சில்லு எலும்பு விரிசல் விட்டிருப்பது தெரியாமல் நடந்து, அது விலகிப்போனால் ஆபரேஷன்வரை இழுக்கும். "இந்த நேரத்துல அது தேவையா? கேட்டது நல்லது, சொன்னது அதவிட நல்லது. இப்ப நீங்க சொல்லுங்க செல்வி."

ஆரோக்கியம்மாள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"எடுங்க டாக்டர்" என்றாள் ஞானசெல்வி. மாமியாருக்கு எதிரே அவள் தானே முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை.

கவசம் கல்லாகக் கனத்தது. அதைப் போர்த்திய பிறகும் ஆரோக்கியம்மாள் நான்கு பக்கமும் இழுத்து இழுத்துவிட்டுத்தான் வெளியே போனாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஞானசெல்வி அசையவே இல்லை.

முட்டிச் சில்லில் மெல்லிய விரிசல், விலகவில்லை. பட்டை கட்டிக்கொண்டு ஆறு வாரம் காலை மடக்காமல் இருந்தால் கூடிவிடும். "கோயில்லகூட முட்டி போடக் கூடாது" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும்தான் ஞானசெல்விக்கு அழுகை வந்தது. வேண்டுதலில் மிச்சத்தை எப்படி முடிப்பது? ஆரோக்கியம்மாள் அவள் அழுகையையும் தேய்ந்த இரண்டு முட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆட்டோவுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆரோக்கியம்மாளின் போன் அடித்தது. மணப்பாறையில் கட்டிக்கொடுத்த மகள் பாத்திமா. ஞானசெல்வி மாமியார் வாயையே பார்த்தாள்.

"முட்டியில விரிசலாம். ஆறு வாரத்துல கூடிருமாம்" என்றாள் ஆரோக்கியம்மாள். தொண்டையைச் செருமினாள். "வேற ஒண்ணுமில்ல. வைக்கிறேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகளைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

"எதுவரைக்கும் போன?"

ஞானசெல்விக்குப் புரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை. "வாசல்படி வரைக்கும் அத்தை."

ஆரோக்கியம்மாளுக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி கடகடவென்று சத்தம் போடும். பூசையில்கூடப் பல வருஷமாக பெஞ்சிலேதான் உட்காருவாள். அவள் குனிந்து கொலுசை மருமகளின் காலில் மாட்டினாள். பூட்டைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"சரி. படியிலேர்ந்து பீடம் வரைக்கும் நான் போறேன்" என்றாள். "விடியுமுன்ன போயிருவேன். யாருகிட்டயும் சொல்லாத."