தண்ணி என் பொறுப்பு

அண்ணனின் படகு அப்படி ஒன்றும் பெரிதில்லை. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாய், ஒரு சுக்கான், உட்காரும் பலகைக்கு அடியில் சாமான் வைக்க ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் எந்தெந்தப் பானத்தை வைப்பது என்று முடிவு செய்ய, கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாநாடே கூட்டிவிட்டான்.

வீட்டுமனைத் தரகன் அவன். படகு வாங்கிய நாளிலிருந்து நண்பர்கள் அவனை அட்மிரல் என்று கூப்பிட, அதைக் கிண்டல் என்று புரிந்துகொள்ளக்கூடத் தெரியாமல் பூரித்துப்போயிருந்தான்.

"பாய் ஏத்தும்போது பியர். காத்து நின்னுபோச்சுன்னா விஸ்கி. தீவுல இறங்கினதும் ஒயின். சிவப்பா வெள்ளையாங்கறதுதான் குழப்பமா இருக்கு" என்றான், மேசை நிறைய பாட்டில்களைப் பரப்பிவைத்துக்கொண்டு.

"உனக்கு நீச்சல் தெரியுமாண்ணா?" என்று கேட்டாள் தங்கை.

"அதுக்குத்தான் லைஃப் ஜாக்கெட் இருக்கே."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பானத்தைப் பற்றி வாய் கிழியப் பேசும் இந்த மகாவீரன், அடுத்தவன் பாட்டில் கிடைத்தால் தன் பாட்டிலைத் தொடமாட்டான். அவ்வளவு கஞ்சம்.

அண்ணனாவது பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்த தன் கணவனைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி மெக்கானிக். போன மழைக்காலத்தில் வேலைக்குப் போன இடத்தில் போதையில் ஏணியோடு விழுந்து, கையை ஒடித்துக்கொண்டு வந்தான். அன்றோடு குடியை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். "இன்னொரு தரம் தொட்டீங்க, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று அவளும் சொல்லிவிட்டாள். வெறும் பேச்சில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டி கட்டியே இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். "நான் அதைத் தொடறதே இல்லம்மா" என்று சத்தியம் செய்துவிட்டுக் கையை நீட்டுவார்கள். சாயங்காலம் முடிவு வரும்போது கல்லீரல் வேறு கதை சொல்லும். வருஷக்கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்து, ஆண்பிள்ளைகளின் வாய்ச்சொல்லுக்கு அவள் காலணா மதிப்புக்கூடக் கொடுப்பதில்லை.

அப்போதுதான் கணவன் வாயைத் திறந்தான்.

"மச்சான், தண்ணி என் பொறுப்பு. நான் கொண்டுவந்துடறேன்."

"அப்படிப் போடு மாப்பிள்ளை!" என்று அண்ணன் அவன் முதுகில் தட்டினான். தட்டிய கையோடு மேசையில் இருந்த பாட்டில்களை ஒன்றுவிடாமல் அலமாரிக்குள் திருப்பி அடுக்கிப் பூட்டியும் விட்டான். கணவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் பாட்டில்கள் கிணுகிணுக்க ஆரம்பித்தன. ஒளித்துக்கூட வைக்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள். அறையில் படுத்திருந்தவளுக்கு எழுந்துபோய் எட்டிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அந்த மரியாதைக்குக்கூட அவன் லாயக்கில்லை.

காலையில் படகுத்துறைக்கு ஒரு சாக்குப்பையைத் தோளில் சுமந்து வந்தான். நடக்க நடக்க உள்ளே கண்ணாடி மோதியது.

"என்னது அது?"

"தண்ணி. நேத்தே சொன்னேனே" என்றான், கண் கொட்டாமல்.

வெட்கமே இல்லாமல் சொல்கிறான் பார், என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படகு துறையை விட்டு நகர்ந்தது. அண்ணன் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், கணவன் பாயை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, பொந்திலிருந்த பையை இரண்டு கையாலும் இழுத்து, விளிம்பில் ஏற்றி, ஒரே தள்ளாகக் கடலில் தள்ளினாள். கல்லைப் போல உள்ளே போயிற்று.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணினே!" என்று அண்ணன் அலறினான்.

"கரைக்குத் திரும்பினதும் நான் உன்னோட உன் வீட்டுக்கு வரேன். ஒரேயடியா."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டில் போனது பெரிய துக்கமா, தங்கை வருவது பெரிய துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. கணவன் பை மூழ்கிய இடத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, மறுபடி கயிற்றை இழுத்தான். மாட்டிக்கொண்டவனுக்குப் பேச என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பாதி வழியில் காற்று நின்றது. பாய் தொங்கிப்போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. அட்மிரலின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை, ஒரு வாய் தண்ணியாவது குடுங்க."

"அதைத்தான் உங்க தங்கச்சி கடல்ல போட்டுட்டாளே."

"அட, அது இல்ல. நான் கேக்கறது குடிக்கற தண்ணி."

"நானும் குடிக்கற தண்ணியைத்தான் சொல்றேன்."

"அப்போ விஸ்கி?" என்று கேட்டான் அண்ணன்.

"கண்ணாடி பாட்டில் சத்தம் கேட்டுதே" என்றாள் அவள்.

"பிளாஸ்டிக் பாட்டில் வெயில்ல கிடந்தா ஒரு வாசம் வரும், உனக்குக் குமட்டும். அதான் பழைய ஜூஸ் பாட்டில் எல்லாம் கழுவி, தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சு ஊத்தினேன்."

அவள் தொண்டை வறண்டிருந்தது. அதிலும் கோபம்தான் முதலில் வந்தது.

"அதைத் தள்ளும்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு தரம் சொன்னேன். தண்ணின்னுதான் சொன்னேன்."

லேசாகக் காற்று வந்தது. அண்ணனை நகரச் சொல்லிவிட்டுக் கணவன் சுக்கானைப் பிடித்தான். படகைத் திருப்பினான். சுக்கானில் இருந்த அந்தக் கையை அவள் பார்த்தாள். ஒடிந்து கூடிய கை. துறைக்கு எதிரிலேயே ஒரு மதுக்கடை உண்டு. இறங்கியதும் நேரே அங்கேதான் போவான், இந்த அவமானத்துக்கு இனி அவனை யாரால் நிறுத்த முடியும் என்று அவள் மனம் தன்பாட்டுக்கு ஓடியது.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கினதும் குடிக்கப் போவேன்னு நினைக்கறே, இல்ல? இப்பவும்."

"இல்லீங்க" என்றாள்.

அது வாயிலிருந்து வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதற்குள் அவன் கரையைப் பார்க்கத் திரும்பியிருந்தான்.