பதினோரு அறை வீடு

ஊர் ஊராகப் போய் பிஸ்கட் தொழிற்சாலை அடுப்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு அடுப்பும் ஒரு தெரு நீளம் இருக்கும். வாரத்துக்கு நான்கு விமானம். பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று, வரிசையில் நில், திரும்ப மாட்டு. கொடுத்து வைத்தவன் என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மச்சானை ஒரு மாதம் என் இருக்கையில் உட்கார வைத்தால் தெரியும் சேதி.

சலிப்பில் பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் ஆகாயத்தில் வீடு கட்ட ஆரம்பித்தேன். ஜன்னலோர இருக்கையும் மூடிய கண்ணும் போதும். விமானம் தரையை விட்டதும் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். மேகத்துக்குள் நுழையும்போது எல்லாம் வெளுக்கும். அந்த வெள்ளையை எடுத்துச் சுவருக்கு அடிப்பேன். குலுங்கினால் மாடியில் தச்சு வேலை நடக்கிறது என்று விட்டுவிடுவேன். நடுவில் பணிப்பெண் வந்து காபியா டீயா என்று கேட்டால், செருப்போடு என் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று எரிச்சல் வரும்.

ஆறு வருடத்தில் பதினோரு அறை ஆகிவிட்டது. மகளின் அறையில் பட்டம் விடலாம், அவ்வளவு உயரக் கூரை. மனைவியின் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கடல் அசையும். மாமனாருக்கு மூட்டுவலி, அதனால் கீழ்த்தளம். மச்சானுக்குக்கூட ஓர் அறை உண்டு, கொஞ்சம் தள்ளி.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். பதவி உயர்வு, கூடவே இன்னும் எட்டு ஊர். வேண்டாமென்றால் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மனைவி "உங்க இஷ்டம்" என்றாள். அதற்கு என்ன பொருள் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆனாலும் என் மனம் பதவி உயர்வுப் பக்கமே சாய்ந்தது. தரையில் கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது, வீடு வருவதில்லை.

ஞாயிறு மத்தியானம் அவள் என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த, முதல்முறையாக அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அறையாக என்னோடு வந்தாள். கடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள் என்றே தோன்றியது. பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"இதுல உங்க ரூம் எது?"

மாடியெல்லாம் ஏறி இறங்கித் தேடினேன். இல்லை. ஆறு வருடத்தில் எனக்கென்று ஒரு கட்டில் போட எனக்குத் தோன்றவில்லை.

"நான் ஹால்ல, சோபாவுல படுத்துக்குவேன்."

"வந்துட்டுப் போறவங்க மாதிரியா?"

திங்கட்கிழமை வரை எதற்கு என்று அப்போதே மேலாளரைக் கூப்பிட்டு, ஒர்க்‌ஷாப்புக்கே வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்றேன்.

அவள் பெட்டியிலிருந்த சட்டைகளை வெளியே எடுத்தாள். அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் என் துணிக்கான தட்டு எப்போதோ மகளுடையதாகிவிட்டிருந்தது. பெட்டியிலேயே குடியிருந்த சட்டைகளுக்கு அலமாரியில் இடம் எதற்கு?

மகளைக் கூப்பிட்டு அப்பாவுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொன்னாள். மகள் முகம் சுளிக்காமல் தன் துணிகளை ஒதுக்கினாள்.

"எத்தனை நாளைக்குப்பா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது.