கம்பியில் தொங்கிய துண்டு

டாக்டர் இரண்டு விரலைக் காட்டி, "எத்தன?" என்று கேட்டார். அவள் கணவன் யோசிக்காமல் "ரெண்டு" என்றான். அவனுக்குத் தெரிந்தது நான்கு. தெரிவதைப் பாதியாக்கிச் சொல்லும் வித்தையை வீட்டில் அவளையே விரல் காட்டச் சொல்லிப் பழகியிருந்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவன் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரோரமாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் இன்றைய கூண்டுச் சண்டை ரத்து. பாவி, திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

போன சண்டையில் காதோரம் வாங்கிய உதைக்குப் பிறகு வந்த கோளாறு அது. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. முதலில் அதை வைத்துக் கேலி பேசினான். "ஒரு கல்யாணச் செலவுல ரெண்டு பொண்டாட்டி. ரெண்டாவதுக்கு உன்னவிட வாய் கம்மி" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தவர் சிரிக்கவில்லை. இன்னொரு பலமான அடி விழுந்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம், மிஞ்சினாலும் உங்களை அடையாளம் தெரியாமல் போகலாம் என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து உலகத்தில் நடக்கும் கூண்டுச் சண்டையெல்லாம் பார்ப்பாள். பயிற்சிக்கூடத்தில் அவளுக்கு வக்கீல் என்று பேர். சண்டை விதிகளில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. ஆனால் கூண்டுச் சண்டையை வைத்து எடுத்த சினிமா என்றால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கீழ கெடக்கறவன் மூஞ்சி பரோட்டா மாவா ஆயிருக்கும். பொண்டாட்டி கம்பியப் புடிச்சிக்கிட்டு ஒரு பார்வை பாப்பா. ஒடனே பாட்டு, ஒடனே எந்திரிப்பான். தலைக்குள்ள ரத்தம் கசியுது, இவ மூஞ்சிய பாத்தா நின்னுருமா?" என்பாள். அப்புறம் துண்டு. சினிமாவில் போதும், தோற்றோம் என்று துண்டை வீசினால் அது சொல்லிவைத்த மாதிரி நடுவர் காலடியில் போய் விழும். நிஜத்தில் அதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். சண்டைக்காரனின் ஆட்கள் நிற்கிற மூலைக்குப் பக்கத்திலேயே ஓர் அதிகாரி நிற்பார், அவரிடம் வாயால் போதும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆத்திரம், படத்தில் ஒருத்தனும் தட்டமாட்டான் என்பது. தாங்க முடியாதவன் கையால் தரையைத் தட்டினால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. பெரிய பெரிய சாம்பியன்களெல்லாம் தட்டிவிட்டு எழுந்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருக்கிறார்கள்.

அவனோ அந்தப் படங்களைப் பார்த்துக் கண் கலங்குகிற ஜாதி. பகலெல்லாம் ஃபிரிட்ஜைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏற்றுகிற மனுஷன், சோபாவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவான். நாற்பதை நெருங்குகிற வயதில், தோற்ற சண்டையோடு நிறுத்துவதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. அவள் கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். எதுவும் வேகவில்லை. நீ வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்றுவிட்டான். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள்.

"முடியலன்னா தட்டுவீங்களா?"

"தட்டறேன்."

"என் தலையில அடிச்சு சொல்லுங்க."

அவன் கையை நீட்டினான். கை அவள் தலைக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் போய் இறங்கியது. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து அவள் உச்சந்தலையைக் கண்டுபிடித்தான். "தட்டறேன்டி" என்றான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் டாக்டர் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கூண்டுக்கு வெளியே, அவன் மூலையில், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள்தான் நின்றாள். இரண்டாவது ரவுண்டில் அவன் கீழே போனான். எதிராளி இளவட்டம். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலால் அழுத்திக்கொண்டு நிதானமாக அடித்தான். இவன் மிச்சமிருந்த கையால் முகத்தை மறைத்து மறைத்துத் திமிறினான். திமிறுகிறவரை நடுவர் நிறுத்தமாட்டார். அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தலை தரையில் மோதித் திரும்பியது.

"தட்டுங்க" என்று கத்தினாள். மண்டபம் முழுக்கக் கூச்சல். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தோளில் கிடந்த துண்டை உருவி, பலம் கொண்ட மட்டும் கூண்டுக்குள் வீசினாள். ஈரத் துண்டு உயரமாகப் போய், மேல் விளிம்பின் கம்பியில் சிக்கி அங்கேயே தொங்கியது. நடுவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அவளும் ஒரு கணம் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது பறந்து போய்ச் சேரும் என்பதுபோல. வாயால் சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வந்து அதிகாரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பினார். "என்னம்மா?" என்றார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எத்தனை பேர் வாயை அடைத்த வாய்!

கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே அவன் முகம் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. கை மறைப்புக்கு மேலே இரண்டு கண்களும் தெரிந்தன. அந்தக் கண்களில் வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். ஐயோ, எந்திரிக்கப் போகிறான். பொண்டாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், வேறென்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு? அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு தடாலென்று முழங்காலில் விழுந்து, கூண்டின் ஓரப் பலகையில் உள்ளங்கையால் தட்டினாள். தட்டினாள், தட்டினாள். இப்படித்தான், பாருங்க, இப்படித்தான்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவளை இல்லை. அவளுக்கு ஒரு முழம் இடப்பக்கம், ஆளில்லாத இடத்தில், வாய் கம்மியான அந்த இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை மறைத்திருந்த கை மெல்ல விலகி மேலே எழும்பியது. எழுந்துகொள்வதற்கு ஊன்றத்தானா, தட்டத்தானா என்று தெரியவில்லை. எதிராளி முஷ்டியை ஓங்கினான். அவள் முழங்காலாலேயே நகர்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலி இடத்துக்குப் போய், அங்கிருந்து பலகையைத் தட்ட ஆரம்பித்தாள்.