பெயர் ஒட்டாத டப்பா

எங்கள் குடியிருப்பில், போட்டு முடிக்காத சண்டைகளை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைப்பது வழக்கம். ஆபீசுக்கு நேரமாகிவிடும், இல்லையென்றால் யாராவது விருந்தாளி வந்து நிற்பார்; அதற்காக நல்ல சண்டையை வீணாக்க முடியாது. மூன்று மாதம் வரை கெடாது.

சூட்டோடு உள்ளே வைக்கக் கூடாது. ஆறவிட்டு, மூடியை இறுக்கி, தேதியும் யார் யாரோடு என்பதும் எழுதி ஒட்ட வேண்டும். உறையும்போது உப்பிக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு விரல் இடம் விட வேண்டும். இளகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது, அன்றைக்கே போட்டு முடித்துவிட வேண்டும். கீழ்வீட்டு பெனிட்டா டீச்சர் மாமியாரோடு போட்டதைக் கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த வஞ்சிர மீன் வரைக்கும் கோபித்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். கதவு ரப்பரை வாரம் ஒருமுறை சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைப்பேன். பனி கட்டினால் கத்தியால் சுரண்ட மாட்டேன், அதுவாக இளகக் காத்திருப்பேன். பொறுமையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று என் மனைவி மங்கையர்க்கரசி சொல்வாள். அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பனியைத் துடைக்கும்போது பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு டப்பா கிடைத்தது. தேதி இல்லை, பெயர் இல்லை. மூடியை அழுத்தியிருந்த விதம் மங்கையினுடையது. காதில் வைத்துப் பார்த்தேன். உறைந்த சண்டை எதுவும் சொல்லாது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

என்னோடு போட்டதாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் வேறு யாரோடு? வழியில் போகிறவரோடு யாரும் இவ்வளவு கனமாகச் சண்டை போடுவதில்லை. அதற்கு நெருக்கம் வேண்டும், உரிமை வேண்டும். பதினாறு வருடமாக அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

போதாததற்கு, அவள் வேலை பார்க்கும் விதை கம்பெனி அவளை ஓசூருக்கு மாற்றியிருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரம் முன்னால் அந்த ஆர்டரைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தாள். படித்துவிட்டு, சரி, அங்கே உனக்கு ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஆர்டரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓசூரில் யாரோ இருக்கிறார் என்று இப்போது தோன்றியது.

டப்பா யாருடையது என்று கேட்டேன். தன்னுடையதுதான், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் புடவைகளை மடிக்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்ததில் உள்ளே பனி இரண்டு மடங்கு ஏறிவிட்டது.

சனிக்கிழமை எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணிக்கு கரண்ட் போனால் ஐந்து மணிக்குத்தான் வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரீசர் நான்கு மணி நேரம் தாங்கும். மதியத்துக்கு மேல் எல்லா வீட்டிலும் இளக ஆரம்பித்து, மாடிப்படி முழுக்க அவரவர் பாக்கியை முடிக்கும் சத்தம் கேட்டது. பெனிட்டா டீச்சர் வீட்டில் இரண்டு சண்டை ஒரே சமயத்தில் நடந்தது. நான் ஃப்ரிட்ஜுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தேன். டப்பாவின் மூடி ஒரு பக்கம் எழும்பியிருந்தது. அதை மேசையில் வைத்ததும் மங்கையின் குரல் மெதுவாக வந்தது.

"ஆர்டரைப் பாத்ததும் சரின்னுட்டீங்க."

பிறகு ஓர் இடைவெளி. அந்த ஓசூர் ஆளின் குரலுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சும்மா தலையாட்டாதீங்க," என்றது டப்பா.

நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி ஓர் இடைவெளி. அதையும் அவனுக்கே விட்டுவிட்டேன்.

மங்கை வந்து வாசற்படியில் நின்றாள். ஆர்டர் வந்த அன்று சாயங்காலம், நான் பால் வாங்கப் போயிருந்தபோது, தனியாக உட்கார்ந்து போட்டு வைத்ததாகச் சொன்னாள். என் பங்குக்கு இடம் விட்டிருந்தாளாம். பெயர் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். நான் சண்டைக்கு வருவேனா என்று தெரியாமல் என் பெயரை எப்படி எழுதுவது என்றாள்.

டப்பாவில் பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டது. குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"நான் போறது உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

இடைவெளி வந்தது. இது போனால் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வாரமாகவே பயமாகத்தான் இருந்திருக்கிறது. அவளுக்குப் போக ஆசை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, குறுக்கே நிற்கக் கூடாது என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"போகாத, மங்கை," என்றேன். "நீ இல்லாம எனக்கு முடியாது."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள். அது டப்பாவிலிருந்து வரவில்லை, வாசற்படியிலிருந்து வந்தது.

ஐந்து மணி வரை போட்டோம். கரண்ட் வந்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓசூருக்கு வர இயலாது என்று மங்கை கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள். இரண்டு வரிதான் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை ஓசூரே எங்கள் தெருமுனைக்கு வந்திருந்தது. மருந்துக்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருந்த காலி மனையில் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் குளிராக இருந்ததால் மங்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒன்பதே காலுக்கு நடந்தே வேலைக்குப் போனாள். சாயங்காலம் வரை அது நகராமல் அங்கேயே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் ஓசூரின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.