சூட்டில் வளர்ந்த பூஞ்சை

"லயத்து அழுக்கு டாக்டர். இவங்க குளிக்கிறதே அபூர்வம்." பள்ளி விடுதி நிர்வாகி சேனாதிபதி அன்றைக்குச் சொன்னதை நினைத்தாலே டாக்டர் விசாலாட்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனது விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்த சுமலதாவுக்கு நெற்றிக்கு மேலே முடி கொட்டி, சீழ் வைத்திருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று அவளைத் தாண்டிக்குடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டுக்கே ஜீப் ஏற்றி அனுப்பிவிட்டான். நோய் வீட்டிலிருந்து வரவில்லை என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் மறுபடி இடமாம். மனுஷனா அவன்!

விசாலாட்சி மருந்தைத் தொடங்கிவிட்டு, புண்ணிலிருந்து பிடுங்கிய முடியை லேபில் இரண்டு தட்டுகளில் வளர்க்க வைத்தாள். தோலில் படரும் பூஞ்சைகள் பெரும்பாலும் மிதமான சூட்டிலேயே வளர்ந்துவிடும். மேசையில் இருந்த தட்டில் ஒன்றுமே வரவில்லை. உடம்புச் சூட்டில் பெட்டிக்குள் வைத்த தட்டில் மட்டும், வாரக்கணக்கில் பொறுத்த பிறகு, மேடு தட்டிய வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாசிமணி கோத்தாற்போல வரிசையாகத் தடித்த வித்துகள். மாட்டுத் தோலிலிருந்து மனிதனுக்கு ஒட்டும் பூஞ்சை அது.

மறுநாளே எல்லாரையும் வரச்சொன்னாள்.

"வீட்டுல மாடு வச்சிருக்கீங்களாம்மா?"

"லயத்துல மாடு வச்சுக்க ஏலாதுங்க" என்றாள் சுமலதாவின் தாய் மகாராணி, தலை நிமிராமலே.

"விடுதியில மாடு நிக்குதே, பால் கறக்கிறது யாரு?"

"ஆள் வச்சிருக்கோம். எங்க புள்ளைக கொட்டில் பக்கமே போகாது" என்று முந்திக்கொண்டான் சேனாதிபதி.

விசாலாட்சி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கறக்கையில தலைய எங்க வச்சுக்குவே, கண்ணு?"

சுமலதா குந்தினாள். பக்கத்தில் நின்ற அம்மாவின் இடுப்பில் நெற்றியை முட்டுக்கொடுத்தாள். கைகள் தாமாகவே காம்பு இழுத்தன. புண் இருந்த இடம் அம்மாவின் சேலையில் சரியாகப் பதிந்தது.

"ஃப்ரீயாப் படிக்கிற புள்ளைக நாங்கதான் டாக்டரம்மா. வெள்ளனே எந்திரிச்சுக் கறப்போம். சாணியும் அள்ளுவோம்."

சேனாதிபதி வாயைத் திறந்தான்.

"பேசாதீங்க. ரிப்போர்ட் ஹெட்மாஸ்டருக்கும் போகுது. இவ நாளைக்கு வகுப்புல இருக்கணும். கறக்குற எல்லாப் புள்ளைகளும் இங்க வரணும். மாட்டையும் மாட்டு டாக்டர்கிட்டக் காட்டுங்க."

மகாராணி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"என் வீட்டு அழுக்குன்னு சொன்னீங்களேய்யா. அதை நம்பித்தானே புண்ணுன்னும் பாக்காம இவ தலையில துணி சோப்பப் போட்டுத் தேய்ச்சேன். புள்ள கதறுச்சு. அப்பவும் விடாமத் தேய்ச்சேனே!"